மாணவர்களின் நேரம் யாருடைய சொத்து?

(மாவட்ட மாணவர் பயிற்சி முகாமின் இரண்டாம் நாளன்று, முழுநேர ஊழியர் ஒருவர் "சமூக வலைத்தளங்களும் கல்லூரி மாணவர்களும்" என்ற தலைப்பில் ஆற்றிய உரை இது. முகாமில் கலந்துகொண்டவர்களின் வேண்டுகோளுக்கிணங்க வெளியிடப்படுகிறது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்புத் தேறியதோடு படிப்பை நிறுத்தியவன். மாணவனாக ஒரு நாளும் கல்லூரிக்குள் கால் வைத்ததில்லை. நோட்டீஸ் கொடுக்கவும், கட்டண உயர்வை எதிர்த்துக் கோஷம் போடவும், விடுதிச் சாப்பாட்டுப் பிரச்னைக்காகவும்தான் கல்லூரி வாசலுக்குப் போயிருக்கிறேன். அப்படிப்பட்டவன், பட்டப்படிப்பும் ஆராய்ச்சிப் படிப்பும் படிக்கிற உங்கள் முன்னால் நின்று, "போனைப் பார்க்காதே, கெட்டுப்போவாய்" என்று உபதேசம் செய்ய வரவில்லை. உபதேசம் உங்களுக்கு வீட்டில் கிடைக்கிறது, வகுப்பில் கிடைக்கிறது, அந்தப் போனுக்குள்ளேயே கூடக் கிடைக்கிறது. (சிரிப்பு)

பெரியவர்கள் எந்தக் காலத்தில்தான் மாணவர்களைப் பற்றிப் புலம்பாமல் இருந்தார்கள்? எங்கள் தகப்பனார் காலத்தில் சினிமா கெடுக்கிறது என்றார்கள். எங்கள் காலத்தில் டெலிவிஷன் கெடுக்கிறது என்றார்கள். இதுவும் அந்தப் பழைய புலம்பல்தானே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. சினிமாவுக்கு டிக்கெட் வாங்கினோம். மூன்று மணி நேரத்தில் "சுபம்" போட்டு வெளியே அனுப்பினான். கொட்டகைக்காரன் நம் பின்னாலேயே வந்து விடுதிக் கட்டிலில் உட்காரவில்லை. நாம் எந்தக் காட்சியில் சிரித்தோம், எந்தக் காட்சியில் அழுதோம் என்று குறித்து வைத்துக்கொண்டு மறுநாள் அதையே காட்டவும் இல்லை. இன்றைக்கு அது நடக்கிறது.

என் சொந்தக் கணக்கு

ஊரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் என்னைப் பற்றிச் சொல்கிறேன். இந்த முகாமுக்கு வருவதற்கு முந்திய வாரம் என் போனிலேயே இருக்கிற கணக்கை எடுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்குச் சராசரி மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகம். "இயக்க வேலைக்காகத்தான்" என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையல்ல. வேலைக்காகப் பார்த்தது முக்கால் மணி நேரம் இருக்கும். மீதி நேரமெல்லாம் யாரோ இருவர் போட்ட சண்டை, யாரோ செய்த சமையல், பழைய கிரிக்கெட் ஆட்டம்.

நாளைக்கு மூன்று மணி என்றால் மாதத்துக்கு 90 மணி. ஐந்து மாதம் கொண்ட ஒரு செமஸ்டருக்கு 450 மணி. எட்டு மணி நேரத்தை ஒரு வேலைநாளாகக் கணக்கிட்டால் 56 நாள்! இந்த 56 நாள் எங்கே போயிற்று? காற்றிலே கரைந்துவிட்டதா? இல்லை. அது இன்னொருவருடைய பெட்டியில் பணமாகச் சேர்ந்திருக்கிறது. இதைத்தான் இன்று நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

1923-ம் வருஷம் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடினார். நம் நாட்டில் அதுவே முதல் மே தினம். மே தினத்தின் கோரிக்கை என்ன? எட்டு மணி வேலை, எட்டு மணி உறக்கம், மிச்சம் எட்டு மணி மனிதனின் சொந்த வாழ்க்கைக்கு. படிக்க, பாட, பேச, குழந்தையைக் கொஞ்ச, சும்மா இருக்க! அந்த மூன்றாவது எட்டு மணிக்காக உயிரையே கொடுத்திருக்கிறார்கள். இன்று அந்த நேரத்தையும் சரக்காக்கி விற்கும் வியாபாரம் ஒன்று கிளம்பியிருக்கிறது. உறக்கத்துக்கான எட்டு மணியிலும் அது கை வைக்கிறது.

கடை யாருடையது? சரக்கு எது?

பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸப்பும் ஒரே கம்பெனிக்குச் சொந்தம். இன்ஸ்டாகிராமை 2012-ல் 100 கோடி டாலருக்குப் பேசி முடித்தார்கள். வாட்ஸப்பை 2014-ல் 1,900 கோடி டாலருக்குப் பேசினார்கள். 2021-ல் கம்பெனியின் பெயரை மெட்டா என்று மாற்றிக்கொண்டார்கள். நம்மிடம் பத்துப் பைசா கேட்காத இந்தக் கம்பெனிக்கு 2024-ல் கிடைத்த வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். இதில் விளம்பரத்தில் மட்டும் கிடைத்தது சுமார் 16,060 கோடி டாலர். அதாவது நூறு டாலர் வருமானத்தில் 97 டாலருக்கு மேல் விளம்பரப் பணம்.

விளம்பரக்காரன் எதற்குப் பணம் கொடுக்கிறான்? உங்கள் பார்வை அந்தத் திரையில் இருக்கிற நிமிஷத்துக்குக் கொடுக்கிறான். நீங்கள் திரையைத் திறந்தவுடன், உங்கள் வயது, ஊர், நீங்கள் எதை நின்று பார்த்தீர்கள், எதைத் தள்ளினீர்கள் என்பதை வைத்து, கண்ணிமைக்கும் நேரத்தில் விளம்பரக்காரர்களுக்கிடையே ஏலம் நடக்கிறது. ஏலத்தில் போவது உங்கள் கவனம். நீங்கள் பத்து நிமிஷம் பார்த்தால் பத்து நிமிஷத்துக்கு வருமானம். ஒரு மணி நேரம் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு வருமானம். ஆகவே, உங்களை எழுந்திருக்க விடாமல் வைப்பதே அந்தக் கம்பெனியின் தொழில்.

இதற்கான கருவிகள் தாமாக முளைத்தவையல்ல. பந்தியில் இலை காலியானால் எழுந்திருக்கிறோம். பத்திரிகையில் கடைசிப் பக்கம் வந்தால் மடித்து வைக்கிறோம். "முடிந்தது" என்று ஏதோ ஒன்று நமக்குச் சொல்கிறது. இந்தத் திரையிலோ பக்கம் முடிவதேயில்லை. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டேயிருக்கிறது. இந்த ஏற்பாட்டை 2006-ல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர். பிற்காலத்தில் அவரே இதற்காக வருத்தம் தெரிவித்தார். "லைக்" பொத்தானை 2009-ல் பேஸ்புக் கொண்டுவந்தது. அன்றிலிருந்து மனிதனுடைய மதிப்பை எண்ணிக்கையால் சொல்லுகிற வழக்கம் நம் வாலிபர்களின் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

முதல் சோதனை மாணவர்கள் மீதே

இந்த வியாபாரம் முதன்முதலில் யாரிடம் தொடங்கிற்று? தொழிலாளியிடமா? விவசாயியிடமா? இல்லை, பல்கலைக்கழக மாணவர்களிடம்தான். 2004 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேஸ்புக் தொடங்கப்பட்டது. அடுத்த மாதம் கொலம்பியா, ஸ்டான்போர்டு, யேல் பல்கலைக்கழகங்களுக்குப் போயிற்று. பிறகு கல்லூரி கல்லூரியாகப் பரவியது. 2006 செப்டம்பரில்தான் வெளியுலகத்தார் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள்.

கல்லூரி கல்லூரியாகப் பரவியதில் நமக்கு ஒரு லாபம் உண்டு. இந்தக் கல்லூரிக்கு முந்தி வந்தது, அந்தக் கல்லூரிக்குப் பிந்தி வந்தது என்று தேதி தெரியும். அதே வருஷங்களில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் உடல்நலம், மனநலம் பற்றி வழக்கமாக எடுக்கும் கணக்கெடுப்பும் நடந்திருக்கிறது. பிராகியேரி, லெவி, மகாரின் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் இரண்டையும் சேர்த்து வைத்து ஆராய்ந்தார்கள். 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். பேஸ்புக் நுழைந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் மோசமடைந்தது, குறிப்பாக மனச்சோர்வு அதிகரித்தது என்று கண்டார்கள். மனம் சரியில்லாததால் படிப்புக் கெட்டது என்று சொன்ன மாணவர்களும் அதிகரித்தார்கள். காரணத்தைத் தேடியபோது அவர்கள் முக்கியமாகக் கண்டது ஒப்பீடு. மற்றவர்களின் சந்தோஷத்தோடு தன் வாழ்க்கையை ஒப்பிட்டுத் தன்னைத் தாழ்வாக நினைப்பது.

இதை ஊதிப் பெரிதாக்கக் கூடாது. போனைத் தொட்ட ஒவ்வொருவருக்கும் நோய் வந்துவிடும் என்று இந்த ஆராய்ச்சி சொல்லவில்லை. மனச்சோர்வுக்கு வறுமையும் வேலையின்மையும் சாதிக் கொடுமையும் தேர்வுப் பயமும் காரணங்கள்தாம். ஆனால் ஒன்றை மறுக்க முடியுமா? அன்று பேஸ்புக்கில் இன்று இருப்பவற்றில் பாதி கிடையாது. "லைக்" கிடையாது, ஓடிக்கொண்டேயிருக்கும் குட்டிப் படங்கள் கிடையாது. ஆரம்பத்திலேயே அந்தப் பலன் என்றால், இன்றைய நிலையைப் பற்றி நாம் கவலைப்பட நியாயம் உண்டு.

கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். 2021-ல் பிரான்சஸ் ஹாகன் என்ற முன்னாள் ஊழியர் கம்பெனியின் உள் ஆவணங்களை வெளியே கொண்டுவந்தார். இளம் பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தங்கள் உடலைப் பற்றிய தாழ்வுணர்ச்சியை இன்ஸ்டாகிராம் அதிகப்படுத்துகிறது என்று கம்பெனியின் சொந்த ஆராய்ச்சியாளர்களே எழுதி வைத்திருந்தது அதில் தெரிந்தது.

நம் ஊரில் என்ன?

நம் நாட்டில் 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. அதன் பிறகு இண்டர்நெட்டின் விலை சரிந்தது. கிராமத்துப் பிள்ளைகள் கைக்கும் அது வந்தது. இது நல்லதுதான், பணக்காரன் வீட்டில் மட்டும் இருந்தது ஏழை வீட்டுக்கும் வந்ததை நாம் ஏன் வெறுக்க வேண்டும்? ஆனால் எதற்குப் பயன்படுகிறது என்று பார்க்க வேண்டும். 2024-ம் வருஷ "அசர்" கணக்கெடுப்பில், கிராமப்புறத்து 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளைக் கேட்டார்கள். அந்த வாரத்தில் படிப்புச் சம்பந்தமாகப் போனைப் பயன்படுத்தியவர்கள் நூற்றுக்கு 57 பேர். சமூக வலைத்தளத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 பேர். நம் கல்லூரிகளுக்கு அடுத்தடுத்து வரப்போகிறவர்கள் இவர்கள்தாம்.

இப்போது ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயரும் மாணவியின் பெயரும் வேண்டாம். கணிதம் இரண்டாம் வருஷம். தகப்பனார் சுமைதூக்கும் தொழிலாளி. குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் பிள்ளை. கடன் வாங்கித்தான் அவர் மகளுக்குப் போன் வாங்கிக் கொடுத்தார். அது இல்லாவிட்டால் வகுப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது போல அல்லவா இருக்கிறது நிலைமை!

வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படத்தை ஒரு மாணவன் வகுப்பு வாட்ஸப் குழுவில் போட்டான். அந்தப் பெண் கட்டியிருந்த சேலையைக் கேலி செய்து கீழே ஒரு வரியும் சேர்த்தான். இருபது பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அடிதடி இல்லை, வசை இல்லை. அந்தப் பெண் அன்றிரவு தூங்கவில்லை. யார் யார் சிரித்தார்கள் என்று பெயர்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றப் பெண்களின் படங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தாள். அவர்களுடைய வீடு, உடை, ஓட்டல், பிறந்தநாள். மூன்று வாரம் வகுப்புக்குப் போகவில்லை. இரண்டு தாள்களில் அரியர். வீட்டுக்குப் போய், "படிப்பு வேண்டாம், மில் வேலைக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டாள்.

தகப்பனார் எங்கள் ஆபீசுக்கு வந்தார். சங்க வேலையாக வருகிறவர்தான். அன்று உட்காரவில்லை. நின்றுகொண்டே கேட்டார்: "தோழரே, போன் வாங்கிக் கொடுத்தது என் தப்பா?"

எனக்குப் பதில் வரவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இன்றைய பேச்சே அதற்காகத்தான்.

தனியாக ஏன் விட முடியவில்லை?

"பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே?" என்று எல்லோரும் சொல்கிறார்கள். விடமுடியாதவன் மனவுறுதி இல்லாதவன் என்று பட்டம் கட்டுகிறார்கள். இது சரியா?

அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்து லியோனார்டோ பர்ஸ்டினும் அவருடைய சகாக்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2023-ல் வெளியிட்டார்கள். "நான்கு வாரம் உன் கணக்கை நிறுத்தி வை. எவ்வளவு பணம் கொடுத்தால் சம்மதிப்பாய்?" என்று கேட்டார்கள். டிக்டாக்கை நிறுத்தச் சராசரி 59 டாலர் வேண்டும் என்றார்கள். இன்ஸ்டாகிராமை நிறுத்த 47 டாலர். பிறகு கேள்வியை மாற்றினார்கள். "நீ மட்டுமல்ல, உன்னோடு படிக்கிறவர்களும் சேர்ந்து நிறுத்தினால்?" இப்போது பதில் தலைகீழாகிவிட்டது! பணம் கேட்டவர்கள், எல்லோரும் சேர்ந்து நிறுத்துவதற்குத் தங்கள் கையிலிருந்தே கொடுக்கத் தயாரானார்கள். டிக்டாக்குக்குச் சராசரி 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர்.

தோழர்களே, இதன் அர்த்தத்தை யோசித்துப் பாருங்கள். ஆசை அதிகம் என்பதால் மட்டும் அவர்கள் அங்கே இல்லை. மற்றவர்கள் அங்கே இருப்பதால் இருக்கிறார்கள். தான் மட்டும் வெளியே போனால் தனிமைப்பட்டுவிடுவோம் என்ற பயத்தால் இருக்கிறார்கள். நம் கல்லூரிகளிலும் அப்படித்தான். தேர்வு அட்டவணை வாட்ஸப் குழுவில் வருகிறது. வீட்டுப்பாடம் குழுவில் வருகிறது. உதவித்தொகைக்குக் கடைசித் தேதியும் அங்கேதான். வெளியேறுகிற மாணவனுக்கு உதவித்தொகையே போய்விடும்! இதிலே மனவுறுதி எங்கே வந்தது?

ஒரு தொழிலாளி மட்டும் தனியாக வேலையை நிறுத்தினால் என்ன ஆகும்? மறுநாள் அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். எல்லோரும் சேர்ந்து நிறுத்தினால் மெஷின் நிற்கும். தனியாகச் செய்தால் நஷ்டம், சேர்ந்து செய்தால் பலம் என்ற இந்தப் பாடத்தை உங்கள் தகப்பனார்கள் ஆலை வாசலில் படித்தார்கள். நீங்கள் விடுதி அறையில் படிக்க வேண்டியிருக்கிறது.

பூட்டும் சாவியும்

அந்தப் பெண்ணின் விஷயத்தில் நடந்தது என்ன? விடுதித் தோழிகள் நான்கு பேர் பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனார்கள். உபதேசம் செய்யவில்லை. இரவு அங்கேயே சாப்பிட்டுத் தங்கினார்கள். மறுநாள் கூடவே அழைத்து வந்தார்கள். படத்தைப் போட்டவனை வகுப்பில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். சிரித்த இருபது பேரில் பலர் தாமாகவே வந்து பேசினார்கள்.

பிறகு அந்த விடுதி மாடியில் இருந்த பெண்கள் ஓர் ஏற்பாடு செய்தார்கள். இரவு பத்து மணிக்குப் போன்களை எல்லாம் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டுவது. காலை ஐந்து மணிக்குத் திறப்பது. சாவி வாரத்துக்கு ஒருவரிடம். அவசரத்துக்காக ஒரு பழைய பட்டன் போனை வெளியே வைத்து, அதன் நம்பரை எல்லாப் பெற்றோருக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே தகராறு வந்தது. ஒரு பெண்ணின் அண்ணன் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். இரவில்தான் அவரால் பேச முடியும். கூடிப் பேசி, வீட்டுப் பேச்சு உள்ளவர்களுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். சேர விரும்பாதவர்களை வற்புறுத்தவில்லை.

இதற்கு முந்திய வருஷம் விடுதி நிர்வாகம் இதே தடையை மேலேயிருந்து போட்டது. என்ன ஆயிற்று? போன் தலையணைக்குக் கீழே போயிற்று. அதுவும் பெண்கள் விடுதிக்கு மட்டும் தடை. ஆண்கள் விடுதிக்குக் கிடையாது! ஒழுக்கம் என்ற பெயரில் பெண்ணை அடைத்து வைக்கும் பழைய பழக்கத்துக்குப் போன் ஒரு சாக்காகிவிடக் கூடாது. பூட்டு ஒன்றுதான். நிர்வாகம் போட்ட பூட்டு அவமானமாக இருந்தது. அவர்களே கூடிப் போட்ட பூட்டு அவர்களுக்கு உதவியாக இருந்தது.

எல்லோரும் முதல் வகுப்பில் தேறிவிட்டார்கள் என்று கதை சொல்ல மாட்டேன். அந்தப் பெண்ணின் இரண்டு அரியர்களில் ஒன்று முடிந்தது, ஒன்று பாக்கி. ஆனால் அவள் மில்லுக்குப் போகவில்லை. வகுப்பில் இருக்கிறாள்.

மெரினாவை மறக்கலாமா?

"அப்படியானால் வலைத்தளமே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் மாணவர்கள் கூடினார்களே, அவர்களை எந்தப் போஸ்டர் கூட்டியது? வாட்ஸப்பும் பேஸ்புக்கும்தான் பெரும்பகுதி கூட்டின. மதுரை, கோவை என்று மாநிலம் முழுவதும் அதே போல. ஒரு வாரம் கடற்கரையில் இருந்தார்கள்; செல்போன் வெளிச்சத்தைக் கடலாகக் காட்டினார்கள். அந்தப் போராட்டத்தின் கோரிக்கையைப் பற்றி யாருக்கு என்ன அபிப்பிராயம் இருந்தாலும், மாணவர்கள் கூட முடியும் என்பதை அது காட்டியது. ஆனால் ஜனவரி 23 அன்று போலீஸ் கலைத்த பிறகு அந்தக் கூட்டம் எங்கே போயிற்று? கூட்டிய கருவி கையில் இருந்தது. கூடியவர்களைச் சேர்த்து வைக்க ஸ்தாபனம் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2018-ல் அமெரிக்காவில் ஒரு பகுதியினரை நான்கு வாரம் பேஸ்புக்கை நிறுத்த வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரி ஒரு மணி நேரம் மிச்சமானது. மனமும் சிறிதளவு நன்றாயிற்று. ஆனால் அன்றாடச் செய்திகளைப் பற்றிய அறிவு குறைந்தது. ஆகவே தூக்கி எறி என்பது நம் கோஷமல்ல. எறிந்துவிட்டுப் பத்திரிகையும் படிக்காமல் இருந்தால் என்ன லாபம்?

இங்கே நான் என்னையே விமர்சித்துக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன், தேர்வுக் கட்டணம் இரு மடங்காகிவிட்டது என்று ஒரு செய்தி என் போனுக்கு வந்தது. விசாரிக்கவில்லை. கோபத்தில் பத்துக் குழுக்களுக்கு அனுப்பினேன். மறுநாள் காலை கல்லூரி வாசலில் மாணவர்கள் கூடிவிட்டார்கள். அது வேறு மாநிலத்துச் செய்தி, அதுவும் பழையது. முதல்வர் சிரித்தார். மாணவர்கள் தலை குனிந்து கலைந்தார்கள். அடுத்த மாதம் விடுதிக் குடிநீருக்காக உண்மையாகவே அழைத்தபோது, "இதுவும் அப்படித்தானா தோழர்?" என்று கேட்டார்கள். வந்தவர்கள் ஒன்பது பேர். ஆனால் அந்த அழைப்புக்குக் குழுவில் சிவப்பு இதயம் போட்டவர்கள் நூற்றுக்கு மேல்! நூறு இதயங்களை நம்பி நான் அறை அறையாகப் போகவில்லை. தவறு என்னுடையது. குடிநீர்த் தொட்டி வர இன்னும் ஒரு வருஷம் ஆயிற்று. அந்த ஒரு வருஷமும் விடுதிப் பிள்ளைகள் உப்புத் தண்ணீரைத்தான் குடித்தார்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, உங்கள் கணக்கை நீங்களே பாருங்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களிடம் நடத்திய சோதனை 2018-ல் வெளிவந்தது. மூன்று வாரம், ஒரு தளத்துக்கு நாளைக்குப் பத்து நிமிஷம் என்று குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமையுணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. குறைக்காமல், எவ்வளவு நேரம் என்று குறித்து மட்டும் வந்தவர்களுக்குக் கூட மனக்கலக்கம் கொஞ்சம் குறைந்தது. கணக்குப் பார்ப்பதே ஒரு மருந்து.

இரண்டாவது, தனியாகச் சபதம் எடுக்காதீர்கள். அறைத் தோழர்கள் நான்கு பேரோடு பேசி முடிவெடுங்கள். சாப்பிடுகிற அரை மணி நேரமாவது மெஸ்ஸில் போன் வேண்டாம் என்று ஆரம்பியுங்கள். அந்த அரை மணியில் எதிரே இருப்பவனின் ஊர் எது, கஷ்டம் எது என்று தெரியவரும்.

மூன்றாவது, நிர்வாகத்திடம் கோரிக்கை வையுங்கள். தேர்வு, உதவித்தொகை, கட்டணம் பற்றிய எந்த அறிவிப்பும் வாட்ஸப்பில் மட்டும் வரக் கூடாது. நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட வேண்டும். நூலகத்தை மாலை ஐந்து மணிக்குப் பூட்டிவிட்டு, "பிள்ளைகள் போனிலேயே கிடக்கிறார்கள்" என்று குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நூலகம் இரவு வரை திறந்திருக்க வேண்டும். பெண்களுக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும். பல கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தலே நடப்பதில்லை; லிங்டோ கமிட்டியின் சிபாரிசுகளைச் சுப்ரீம் கோர்ட் 2006-லேயே ஏற்றது. கூடிப் பேச இடம் இல்லாதவன் திரையில் போய்க் கூடுகிறான். இடத்தைக் கேளுங்கள்!

நான்காவது, விசாரிக்காமல் எதையும் அனுப்பாதீர்கள். என் தவறு உங்களுக்குப் பாடமாகட்டும். யாரையாவது கேலி செய்கிற படம் வந்தால் சிரிக்கிற பொம்மை போடுவதற்கு முன், மறுபக்கம் ஒரு பிள்ளை தூங்காமல் உங்கள் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்கும் என்று நினையுங்கள்.

ஐந்தாவது, வகுப்பில் ஒருவர் திடீரென்று வராமல் போனால், குழுவில் கேள்விக்குறி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரில் போங்கள். மனம் மிகவும் தளர்ந்தவருக்கு அரசாங்கம் 2022-ல் தொடங்கிய டெலி-மானஸ் என்ற இலவச ஆலோசனை இருக்கிறது, நம்பர் 14416. அதைப் பயன்படுத்துவது வெட்கமல்ல.

கம்பெனிகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் வேண்டும் என்பதும் நம் கோரிக்கை. ஆஸ்திரேலியா 16 வயதுக்குட்பட்டவர்களின் கணக்குகளைத் தடுக்க 2024-ல் சட்டம் இயற்றி, 2025 டிசம்பரில் அமலுக்குக் கொண்டுவந்தது. ஆனால் நீங்கள் குழந்தைகளல்ல; ஓட்டுரிமை உள்ளவர்கள். உங்களுக்குத் தடை தேவையில்லை. எந்த முறையில் உங்களைப் பிடித்து வைக்கிறான், உங்களைப் பற்றி எதைச் சேர்த்து வைத்திருக்கிறான் என்று கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் தேவை.

தோழர்களே! அந்தத் தகப்பனாருக்கு அன்று சொல்லாத பதிலை இன்று சொல்லி முடிக்கிறேன். தப்பு உங்களுடையதல்ல ஐயா. மகள் படிக்கக் கடன் வாங்கியவரிடம் தப்பு இல்லை. உங்கள் மகளிடமும் இல்லை. அவளுடைய தூக்கத்தைக் காசாக்குகிறவனிடம் தப்பு இருக்கிறது. அவளைத் தனியாக விட்டுவிட்டு, லைக்குகளை எண்ணிக்கொண்டிருந்த எங்களிடமும் கொஞ்சம் இருக்கிறது. அந்தத் தப்பை அந்த நான்கு பெண்கள் பஸ் ஏறிப் போய்த் திருத்தினார்கள்.

ஒவ்வொரு கல்லூரியிலும் அப்படி நான்கு பேர் வேண்டும். உங்கள் நேரம் உங்களுடைய சொத்து. சேர்ந்து நின்று அதைத் திரும்பப் பெறுங்கள்!

(கரகோஷம்)